பூநகரிக் கடலில் ஒரு சத்திப் பை

1986 ஆவணியில் மைத்துனியின் கலியாணத்துக்காகப் பூநகரிக்குப் போனோம். தரைவழியில் ஆனையிறவு ஆமிச் சோதனையில் இளம் ஆண்களை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. பயந்துபோய்க் கடல்வழியைத் தேர்ந்தேன். கடலில் மட்டும் பயமில்லையாக்கும்!

உடுவிலில் இருந்து விடியப் புறப்பட்டு, ஆறு மணிக்குக் குருநகர்க் கரையில் நின்றோம். இரண்டு வள்ளங்கள். ஓட்டி மரியதாஸ் அண்ணை பாரம் பார்த்து என்னைத் தன் வள்ளத்தில் ஏற்றினார். என் மனைவி சரசுவும் இரண்டு வயது மகளும் பின் வள்ளத்தில். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

நடுக்கடலில் மோட்டார் இருமி நின்றது. அந்நேரம் பார்த்து, தூரத்தில் ஆமியின் ஹெலிச் சத்தம், வள்ளத்தைக் கண்டால் சுடுவார்கள். அண்ணை கத்தியோடு தண்ணீருக்குள் குதித்தார். மோட்டாரின் விசிறியில் ஒரு பொலித்தீன் பை கயிறாய் இறுகியிருந்தது. அறுத்தெடுத்தவர் அதை எறியாமல் மடியில் செருகிக்கொண்டு ஏறினார். ஹெலி ஆமி இருந்த யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் திரும்பியது. மோட்டாரும் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில், என் பக்கத்திலிருந்த அக்கா அலையாட்டத்தில் குமட்டிச் சத்தி எடுத்த பையை முடிந்து கடலுக்கு ஓங்கினார்.

"அக்கா, போடாதேங்கோ! பின்னாலை வாற வள்ளத்திலை எல்லே மாட்டும்!" என்று அண்ணை கத்தினார்.

"மணக்குது தம்பி, எங்கை வைக்கிறது?"

பின்னால் வருவது யாரென்று எனக்கல்லவா தெரியும். "இஞ்சை தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்" என்று பறித்தே விட்டேன். சூடாக இருந்தது. மடியில் வைத்தபடி, கண்ணில் படும் ஒவ்வொரு வெள்ளை நுரையையும் பையென்று நினைத்து நடுங்கினேன்.

எட்டு மணிக்குக் கரை சேர்ந்தோம். பின் வள்ளத்தைக் காணவில்லை. "வரும், வரும்" என்றார் அண்ணை. ஆனால் அவரும் கரையை விட்டு அசையவில்லை. எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் அது புள்ளியாகத் தெரிந்தது.

இறங்கிய சரசு மூக்கைப் பொத்தினாள். "சீ, என்னப்பா உது கையிலை?"

பையை மற்றக் கைக்கு மாற்றினேன். மகளைத் தூக்கிக்கொண்டு அழுதேன்.

இன்று போகிறவர்களுக்குச் சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது, பஸ் போகிறது. வெயில் ஏறுமுன் போங்கள், பிறகு பாலத்தில் காற்றும் பலக்கும். படகில் தீவுகளுக்குப் போகிறவர்கள் சத்திக்கு மூடியுள்ள வாளி ஒன்று கொண்டுபோங்கள். பொலித்தீன் பைதான் கையில் இருக்கிறதென்றால், நாறினாலும் கரைவரை பிடித்திருங்கள். பின்னால் யாருடைய பிள்ளை வருகிறதோ!