அக்காவின் காரில் பெற்றோல் முள் ஏறிய நாள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் ஒரு பகுதியினர் குருநகர் உறவுகள், மறு பகுதியினர் உடுவில் உறவுகள். நீங்கள் எல்லோரும் அக்காவை நன்றாக அறிவீர்கள். அவரின் ஒரே தம்பியாகிய நான்தான் அவரை அறிந்துகொள்ளப் பிந்திவிட்டேன். அதை மறைக்காமல் எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அக்கா உடுவிலில், தோட்டம் செய்யும் சைவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். என்னிலும் ஐந்து வயது மூத்தவர். ஊர்ப் பெண்கள் கல்லூரியில் படித்து, கணித ஆசிரியையானார். வெங்காயப் பிடி கட்டும்போதும் வாய்க்குள் தேற்றங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். "உது என்ன மந்திரமடி?" என்று அம்மா கேட்பார்.

தன்னோடு கற்பித்த அத்தானை அவர் விரும்பினார். அத்தான் குருநகரில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். எங்களைப் பெற்ற ஐயா இரண்டு மாதம் கதைக்காமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். கடைசிவரை சம்மதியாதவன் நான். "நீங்கள் போனால் எனக்கு அக்கா இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கல்யாணத்துக்கும் போகவில்லை.

அத்தான் ஆசைப்பட்டு அச்சுவேலியில் ஒருவரிடம் வாங்கியதுதான் அந்தச் சாம்பல் நிறக் கார். இங்கிலாந்தில் செய்தது. வாங்கும்போதே கிழம். அதில் பெற்றோல் அளவைக் காட்டும் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். தாங்கி நிறைந்திருந்தாலும் பாதி, வற்றிப்போனாலும் பாதி. அத்தான் ஒரு மெல்லிய பிரம்பைத் தாங்கிக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்துத்தான் காரை எடுப்பார்.

போரில் ஊரெல்லாம் காலியாகிய பெரிய இடப்பெயர்வின்போது, பெற்றோல் தடைப்பட்டிருந்ததால், அந்தக் கார் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. ஐயாவும் அம்மாவும் ஏறினார்கள். "நீயும் ஏறடா" என்றார் அக்கா. நான் ஏறவில்லை. கொடிகாமம்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு நடந்தேன். அங்கேயும் அவர்கள் இருந்த வீட்டுக்குப் போகாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினேன். அம்மாவையும் ஐயாவையும் கடைசிவரை பார்த்தவர் அக்காதான். இரண்டு செத்தவீட்டிலும் நாங்கள் இருவரும் எதிரெதிர் மூலையில் நின்றோம்.

பிறகு அத்தான் காலமானார். மகள் இலண்டனில் குடியேறினாள். காரை விற்கச் சொன்னவர்கள் பலர். அக்கா கேட்கவில்லை. பிரம்பும் கையுமாகத் தானே ஓட்டினார்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அது. ஒரு காலை என் மனைவிக்கு மூச்சிழுப்பு கடுமையாகிவிட்டது. கதைக்கவே மூச்சு இல்லை. அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றார்கள். ஓட்டோக்கள் எல்லாம் பெற்றோல் இல்லாமல் வீடுகளில் நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கேளாமலே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அரைமணிக்குள் சாம்பல் கார் ஒழுங்கைக்குள் வந்து நின்றது.

"பிள்ளையைப் பின்னுக்கு ஏத்து. நீயும் ஏறு" என்றார் அக்கா. என் மனைவியைத்தான் பிள்ளை என்றார். அன்றைக்கு ஏறினேன்.

கொக்குவில் தாண்டியதும் கார் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. முள் பாதியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மனைவியின் உதடு நிறம் மாறிவிட்டது. தெருவோரம் மோட்டார் சைக்கிள்கள் நீண்ட வரிசையில் நின்றன. எழுபது வயது கடந்த அக்கா இறங்கி அந்த வரிசையிடம் நடந்தார்.

"தம்பிமார், காருக்குள்ளை ஒரு பிள்ளை மூச்சில்லாமல் கிடக்குது. ஒரு சொட்டுப் பெற்றோல் தருவியளோ?"

ஒருவர் எழும்பி, தன் மோட்டார் சைக்கிளின் குழாயைக் கழற்றி, சோடாப் போத்தலில் பிடித்துத் தந்தார். அவர் இரண்டு நாளாக வரிசையில் நிற்பதாக அக்கா பிறகு சொன்னார். மிச்சமிருந்ததையே தந்திருக்கிறார். பெயர் கேட்கவும் நேரமில்லை.

பெரியாஸ்பத்திரியில் மனைவி பிழைத்துக்கொண்டாள். நானும் அக்காவும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, "பிரம்பு வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பிள்ளைக்கு மூச்சில்லை எண்டாங்கள். பிரம்பைத் தேடிக்கொண்டு நிக்கேலுமே?" என்றார் அவர்.

மனைவி வீட்டுக்கு வந்ததும் என் வேலை ஆயுதப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருநகருக்குப் போனேன். நான் மின் வயறிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அக்கா கதவைத் திறந்து என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"என்ன விசயமா வந்தனீ?"

"பெற்றோல் முள்ளைப் பாக்க வந்தனான்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு முள்ளைப் பாக்கவோ?"

"ஓம்."

"அப்ப வா. முதல்லை தேத்தண்ணியைக் குடி."

தாங்கியிலிருந்து முள்ளுக்கு வரும் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். முள் முழுமைக்கு ஏறியது. கம்பியின் நுனியைக் காரின் இரும்பில் தொட்டபோது அடிக்கு இறங்கியது. ஆக, முள்ளும் கம்பியும் நல்லாகவே இருந்தன. பிழை தாங்கிக்குள் இருக்கும் மிதவைக் கருவியில். பற்றறியைக் கழற்றிவிட்டு, டிக்கியின் அடித்தகட்டைத் தூக்கி, துருப்பிடித்த திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மிதவையைத் தாங்கும் கம்பிக்கை பாதி உயரத்தில் துருவேறி இறுகிப்போய்க் கிடந்தது.

அதைப் படம் எடுத்து அனுப்ப, என் மருமகள், அக்காவின் மகள், இலண்டனில் தேடிப் புதியதொன்றை வாங்கி அனுப்பினாள். அது வந்து சேர ஆறு கிழமை சென்றது. அதற்கிடையில் வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் நான்கைந்து தரம் குருநகருக்குப் போய் வந்தேன்.

புதியதைப் பூட்டிய முதல் நாள் மேல் விளிம்பால் பெற்றோல் கசிந்தது. கழற்றி, விளிம்பைச் சுரண்டித் துடைத்து, வேறு தக்கை வாசர் வெட்டி வைத்து, மறுநாள் திரும்பப் பூட்டினேன். கசிவு நின்றது. அக்காவை முன்னால் இருத்தி, காரின் திறப்புச் சாவியைத் திருப்பி முள்ளைப் பார்க்கச் சொன்னேன். நான் பின்னால் நின்று போத்தல் போத்தலாகப் பெற்றோல் விட்டேன். திறந்திருந்த டிக்கி மூடியால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

"எங்கை நிக்குது?"

"அடியிலைதான். பொறு… அசையுது. ஏறுது."

"இன்னும் விடட்டோ?"

"விடு. காலுக்கு வந்திட்டுது."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அக்கா, நான் அண்டைக்குக் கல்யாணத்துக்கு வந்திருக்க வேணும்."

போத்தல் வெறுமையாகும்வரை விட்டுக்கொண்டிருந்தேன்.

"அரைக்கு வந்திட்டுது" என்றார் அக்கா. "உனக்கெண்டு பலகாரம் எடுத்து வைச்சனான். மூண்டு நாள் வைச்சிருந்து பாத்தனான். நீ நிப்பாட்டாதை, மற்றப் போத்தலையும் விடு."

விட்டேன். முள் அரையைத் தாண்டிப் போனது என்று அவர் சொன்னார்.

அதன் பிறகு அக்காவோடு எங்களுக்கு இரண்டு நல்ல ஆண்டுகள் கிடைத்தன. ஞாயிறு பூசை முடித்து உடுவிலுக்கு வருவார். என் மனைவியை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போவார். இருவரும் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள். அக்காவின் கோபம் எப்படி இருக்கும் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் அதைக் காட்டியதே இல்லை. கடைசி மாதம் படுக்கையில் இருந்தபோதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பின்னேரம் என் மனைவி கஞ்சி பருக்கி முடித்த சிறிது நேரத்தில், அமைதியாகக் கண்ணை மூடினார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், இலண்டனிலிருந்து வந்து இரவு பகல் கூட இருந்த மருமகளுக்கும், உடுவில் அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. கொக்குவில் வரிசையில் நின்ற அந்த மனிதர் யாராக இருந்தாலும், இந்த மலர் அவர் கண்ணில் படவேண்டும் என்று விரும்புகிறோம்.

அடக்கம் செய்யச் சேமக்காலைக்குச் சவப்பெட்டியைத் தூக்கும்போது நான் ஒதுங்கி நின்றேன். எனக்கு அங்கே என்ன உரிமை என்ற எண்ணம். அத்தானின் தம்பிமார் மூவர் தோள் கொடுத்து நின்றனர். முன்பக்கம் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. மூத்தவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, உது உங்கடை இடம். வாங்கோ" என்றார். அந்த இடத்தை எனக்காக விட்டு வைத்திருந்த குருநகர் உறவுகளுக்கு நான் என்றும் நன்றியுடையவன்.