கரைக்கு வேர்க்குது

என் சித்தப்பாவுக்குச் செருப்புப் போட்டு நடந்து பழக்கமில்லை. முப்பத்தோரு வருடம் பழைய கால்வாயில் கரைக்காவலராக இருந்தவர். ஒரு காலத்தில் ஆட்கள் கயிறு கட்டிப் படகுகளை இழுத்துப் போன பாதை அது. ஓரத்துக் கல்தூண்களில் கயிறு அறுத்த பள்ளங்களுக்குள் இன்னமும் விரல் நுழையும். அந்தப் பாதையில் தினமும் வெறுங்காலோடு நடந்து, சரிவில் எங்கே மண் சில்லிடுகிறது என்று பாதத்தால் பார்ப்பார். சில்லிட்டால் உள்ளே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். அதற்குக் காவலர்கள் வைத்திருந்த சொல், ‘கரைக்கு வேர்க்குது.’

விசாரணைக்குப் போன காலையில் பஸ்ஸில் போகலாம் என்றேன்.

“நடந்தே போவோம்மா. திட்டு வாங்க என்ன அவசரம்?”

புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க, ஊர் சுற்ற வந்தவர் போல மெதுவாக நடந்தார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பழைய கூட்டாளி ஒருவர், “என்னப்பா, கால்ல செருப்பெல்லாம்? மாப்பிள்ளையாட்டம் இருக்கே!” என்றார்.

“மாமியார் வீட்டுக்குத்தானே போறேன். உனக்கும் ஒரு பாய் போட்டு வைக்கச் சொல்லவா?”

உடைந்த இடம் வந்தது. அடைத்த மண் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. கீழே மரப்பட்டறை இருந்த இடத்தில் வெறும் தரை. மூன்று மாதம் முன்பு ஒரு மதியம் கரை உடைந்தபோது உள்ளே இருந்த தச்சர் வெளியே வரவில்லை. சித்தப்பா முன்பே எச்சரித்தாரா என்பதுதான் விசாரணை.

எச்சரித்தார். கால்வாய் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ‘கரைக்கு வேர்க்குது, உடனே வரணும்’ என்று எழுதச் சொன்னார். படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று, ‘கரையில் சற்று ஈரப்பதம் காணப்படுகிறது, ஆவன செய்யவும்’ என்று மாற்றினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நம்பிக் கையெழுத்துப் போட்டார். அவருக்காக வெட்கப்பட்டேனா, அவரைப் பார்த்தே வெட்கப்பட்டேனா?

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஈரப்பதம்னா?”

“ஈரம் இருக்குன்னு அர்த்தம், சித்தப்பா.”

“கால்வாய்க் கரையில ஈரம் இல்லாம வேற என்னம்மா இருக்கும்?”

அடைத்த மண்ணைத் தாண்டி நடக்கத் தொடங்கினார். பிறகு, “அங்க வாயைத் திறக்காதே. உனக்கு ஆர்டர் வர்ற நேரம்” என்றார். அதே அலுவலகத்தில்தான் எனக்கு எழுத்தர் வேலை வரவிருந்தது.

அதிகாரி கடிதத்தை மேசையில் வைத்தார். “வேர்க்குதுன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா நானே ஓடி வந்திருப்பேனே. இத்தனை வருஷ சர்வீஸ், அந்த வார்த்தை கூடவா தெரியாது உங்களுக்கு?”

“மறந்துட்டேன் சார்.”

பக்கத்தில்தான் இருந்தேன். நான் பேசவில்லை.

சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. திரும்பும்போதும் அதே பாதையில் நடந்தோம். சரிவில் இறங்கி ஏறியபோதும் அவர் செருப்பைக் கழற்றவில்லை.