தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை அளந்த கதை

என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எவ்வளவு தவிடு என்பதில்தான் தகராறு. பெரியப்பா இரண்டு படி என்பார். அப்பா உடனே, "ஒரு படிதான். அதுவும் புழு வெச்ச தவிடு" என்று திருத்துவார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு அம்மாள் என்னை வைத்துக்கொண்டு நின்றாளாம். மாட்டுக்கு வாங்கிய தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கி வந்தார்களாம். அன்று மாடு பட்டினியாம். அண்ணன் மட்டும் சொந்தப் பிள்ளை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே கதைதான் சொல்லப்படுகிறது என்பது மூன்றாம் வகுப்பில் படித்த எனக்கு எப்படித் தெரியும்? பட்டினி கிடந்த அந்த மாட்டை நேருக்கு நேர் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாட்சியும் எனக்கு எதிராகவே இருந்தது. வீட்டில் எல்லோரும் ஒட்டடைக் கம்பு மாதிரி நெட்டை. நான் குட்டை, உருண்டை முகம்.

அந்த வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி வானூரிலிருந்து சித்தி வந்திருந்தார். சித்தப்பா விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். சித்தி புள்ளியியலில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். விழுப்புரம் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வருவார். மற்ற நேரமெல்லாம் ஒரு தடிப் புத்தகத்தோடு அறையில் இருப்பார். அதில் எழுத்தைவிட அடைப்புக்குறிகளே அதிகம். அவரோடு என்ன பேசுவதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியப்பா ஒருநாள் துணிந்து, "அதுல இன்னாம்மா படிக்கிறே?" என்று கேட்டார்.

"ஒரு ஆளப் பத்தி ஒரே ஒரு அளவ மட்டும் பாக்காம, பல அளவ ஒண்ணா வெச்சிப் பாக்கிறது மாமா."

"தையக்காரன் வேலைன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு மட்டும் அது காதில் தேனாகப் பாய்ந்தது. அன்று சாயங்காலமே சித்தியிடம் போய், "அளந்து பாத்தா நான் யாரு புள்ளன்னு தெரிஞ்சிடுமா சித்தி?" என்று கேட்டேன்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அவருடைய பாடத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்ட முதல் ஆள் நான்தான். "யாரு புள்ளன்னு தெரியாது கண்ணு. யாருக்குக் கிட்ட இருக்கேன்னு தெரியும்" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சித்தி வரிசையாக அளந்தார். உயரம், விரித்த கையின் நீளம், தலைச்சுற்று, காது, மூக்கு, கால் கட்டைவிரல் என்று எதையும் விடவில்லை. அப்பா கட்டைவிரலைக் காட்ட வெட்கப்பட்டு, கால் கழுவிக்கொண்டு வந்தார். பெரியப்பா காதைக் கொடுக்க மறுத்தார். "வயசானா காது வளந்துக்கினே போவும். இது என்னோட பழைய காது இல்ல" என்று அவர் வாதாட, சித்தப்பா அவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. உயரத்தை மட்டும் வைத்து நானே கழித்துப் பார்த்தேன். வராந்தாவில் நிறுத்தியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைக்குத்தான் நான் ரொம்ப நெருக்கமாக இருந்தேன்.

சித்தி சிரித்துவிட்டு விளக்கினார். சின்னப் பிள்ளையைப் பெரியவர்களோடு ஒப்பிடும்போது முதலில் எல்லாவற்றையும் உயரத்தால் வகுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் உயரம் போடுகிற கூச்சலில் பாவப்பட்ட மூக்கு சொல்வது காதில் விழாதாம். "கை நீளமும் கால் நீளமும் ஒண்ணாவே வளரும். அது ரெண்டும் ஒரே சேதியத்தான் சொல்லுது. அத ரெண்டு சேதியா எண்ணிடக் கூடாது" என்றார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து தவிட்டுக் கதை சொன்னால் அது ஒரு சாட்சிதான்.

எல்லோரையும் அளந்த பிறகு, "இப்ப நீங்க நில்லுங்க சித்தி" என்றேன்.

"நான் எதுக்குடி?"

"வீட்ல இருக்கிற எல்லாரையும்தானே அளக்கிறோம்?"

சித்தி டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். நானே ஸ்டூலில் ஏறி அளந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைச் சுற்றி எல்லோரும் கூடினோம். எல்லா அளவுகளையும் சேர்த்துத் திரையில் ஆளுக்கொரு புள்ளி. சாயல் ஒத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்களாம். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே அண்ணன். அம்மா நடுவாந்தரமாக. நான் எதிர் மூலையில். என்னை ஒட்டி, கிட்டத்தட்ட என்மேலேயே ஏறிக்கொண்டு இன்னொரு புள்ளி. அது சித்தி.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "அப்படிப் போடு! ரெண்டையும் ஒரே பஸ் ஸ்டாண்டுலதான் வாங்கியிருக்கு!"

வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது. "சித்தி வெளிய இருந்து வந்தவங்கதானே? அவங்க நம்ம வீடு இல்லதானே? அப்ப நானும் நம்ம வீடு இல்ல!" என்று கத்தினேன்.

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொல்வார்கள் என எல்லோர் முகத்தையும் பார்த்தேன். பெரியப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா சித்தியைப் பார்த்தார். என் ரகசியம் உடைந்துவிட்டதால்தான் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "யாருடி சொன்னது நம்ம வீடு இல்லன்னு? ரெண்டு பேரும் நம்ம வீடுதான். மூக்கத் தொடச்சிக்க!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பி, "மாமா, இனிமே இந்தத் தவிட்டுப் பேச்சு இங்க வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அம்மா அவரிடம் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "இது இன்னாடா பேஜாரு" என்று முனகிக்கொண்டே அவர் வெளியே கிளம்பச் சட்டையைத் தேடினார்.

சித்தி என்னை மடியில் இழுத்து என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் தலை ஈரமாயிற்று. பரீட்சை பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பின்னாளில் அதே பாடத்தை நானும் கல்லூரியில் படித்தேன். ஒரு கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டு இத்தனை அளவுகள் எடுத்தால் கணக்கு வாய்க்கு வந்ததைப் பேசும் என்று அப்போதுதான் தெரிந்தது. சித்தியிடமே சண்டைக்குப் போனேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. ஆனா அந்த வீட்ல என் பக்கத்துல ஒரு புள்ளி வந்து நின்னிச்சி. அழிக்க மனசு வரல" என்றார்.

ஆனால் அந்த வயசில் நான் குழம்பியது வேறு விஷயத்தில். அளந்த மறுநாள் திங்கட்கிழமை. அதுவரை சித்தி சமையலறைப் பக்கம் தலை காட்டினாலே அம்மா, "நீங்க போய்ப் படிங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று விருந்தாளியை அனுப்புவது போல அனுப்பிவிடுவார். அன்று காலையில், "ஏய், இன்னா அங்கயே நின்னுக்கினு? அடைக்கு முருங்கக்கீர ஆயணும், ஜல்தி வா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சித்தி ஓடினார். அதன்பிறகு ஒரே திட்டுதான். காம்போடு போடுகிறாள் என்று திட்டு. அடுப்பைக் குறைக்கவில்லை என்று திட்டு. எம்.எஸ்சி. படித்தவளுக்கு உப்பு எவ்வளவு என்று தெரியவில்லையா என்று திட்டு.

எனக்கு மனசு உடைந்துபோயிற்று. என்னால்தானே சித்திக்கு இந்தத் தண்டனை? அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "சித்தியத் திட்டாதம்மா. கணக்கு தப்புன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சித்தி கேப்பை அடையில் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் திணித்து வெளியே அனுப்பினார். உள்ளே மறுபடியும் திட்டு தொடங்கியது. இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டும் சித்தி எதற்காகப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஸ்கூல் வேனில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.