கோமதி அக்கா இறக்கச் சொன்ன கொடி

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் காலைத் தேநீர் வந்த நேரத்தில் அண்ணா தொலைபேசியில் அழைத்தார். "கோமு போய்ட்டாடா" என்றார். "சரி" என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கிளம்பினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

கோமதி அக்கா எங்கள் மூவரில் நடுவில் பிறந்தவர். வங்கி அதிகாரி. திருமணம் செய்துகொள்ளாமல் டாலிகஞ்சில் தனியாக வாழ்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாற்பதைத் தாண்டிய கையோடு, அவருக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். மாதவிடாய் அத்தோடு நின்றது. இனி எலும்பு மெலியும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பூஜா பண்டிகைக் கூட்ட நெரிசலில் லேசாகச் சறுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. பரிசோதித்த பிறகுதான் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது தெரிந்தது.

அதன்பின் மாத்திரை, மொட்டைமாடி வெயில், ஏரிக்கரையில் நடை. தம் குளியலறையில் கைப்பிடி பொருத்தினார். தெரிந்த தமிழ் வீடுகளுக்குப் போனால், வாசலில் சுருண்டு கிடக்கும் 'பாபோஷ்' என்கிற கால்மிதியை முதலில் எடுத்து வெளியே போடுவார். "கோமதி வரா, பாபோஷை ஒளிச்சு வைங்கோ!" என்று எதிர்வீட்டு மாமி சிரிப்பார்.

"முறிஞ்சப்புறம் டாக்டர் பார்த்துப்பார் மாமி. விழாம இருக்கறதை நாமதான் பார்த்துக்கணும்" என்பார் அக்கா.

லேக் கார்டன்ஸில் அண்ணா வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. அங்கே வழவழப்பான சிவப்புச் சிமென்ட் தரை. மடிப்புடவை காயும் மூங்கில் கொடி கூரையை ஒட்டித் தொங்கும். குளித்துவிட்டு ஈரப்புடவை சொட்டச் சொட்ட வந்து, அண்ணாந்து நின்று கோலால் எடுக்க வேண்டும்.

"அண்ணா, கொடியைத் தோள் உசரத்துக்கு இறக்குங்கோ. பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வைங்கோ."

"மினிபஸ்ல தொங்கறாப்பலயா குளிக்கணும்?"

"மினிபஸ்ல பிடிச்சுக்க வெக்கப்படறேளா என்ன?"

"போறவா வரவா கை படற உசரத்துல மடி ஏதுடீ? அம்மா இருந்தா இப்படிப் பேசுவியா?"

ஆண்டுக்கணக்கில் இதே வாக்குவாதம். அண்ணா எங்களில் அதிகம் படித்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவின் திவசத்தன்று அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னிக்கு முழங்கால் வலி. சமைக்க அக்கா வந்தார். குளித்துவிட்டு ஈரத்தோடு கோலை உயர்த்தியவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. "பகவான் சித்தம்" என்றார் அண்ணா. நனைந்த தரையும் எட்டாத கொடியும் என்றேன் நான். அன்றிலிருந்து எங்களுக்குள் அவசியப் பேச்சு மட்டும்தான்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. படுத்த படுக்கையில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. கடைசியாகப் பார்த்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கும் அறுபது ஆயிடுத்துடா. அந்தக் கொடியை இறக்கிடு. அண்ணாட்ட கேட்டுண்டு நிக்காதே."

அக்கா போன பதின்மூன்றாம் நாள் காலை. மன்னி குளிக்கப் போயிருந்தார். நானும் குளித்திருந்தேன், மடிக் குற்றம் சொல்ல இடமில்லை. ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக் கொடியை மன்னியின் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். தரையைத் துடைத்தேன். அண்ணா கதவோரம் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை.

மன்னி ஈரப்புடவையோடு வந்தார். பழக்கத்தில் மூலையில் இருந்த கோலை எடுத்தார். பிறகு கொடியைப் பார்த்தார். கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கையை நீட்டிப் புடவையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி மெதுவாக உள்ளே போனார்.

மன்னி புடவையை எடுத்துவிட்டார், அக்கா. விழவில்லை. நீங்கள் போகலாம்.