மற்றதெல்லாம் நார்மல்

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் அறைக்கு வாடகைதாரர்கள் நானும் நண்பனுமாக இரண்டு பேர். ஆனால் ஒரு நேரத்தில் எங்களில் ஒருவன்தான் விழித்திருப்பான். நான் ஏ ஷிஃப்ட் என்றால் அவன் பி ஷிஃப்ட். ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார்களுக்கு மீட்டர் போர்டு செய்யும் கம்பெனி. போர்டில் எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் மெஷின் முன்னால் காலை ஆறு மணியிலிருந்து நான் நிற்பேன். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் அவன் வந்து நிற்பான். அடுத்த வாரம் இது தலைகீழாக மாறும். நான் விருதுநகர்ப் பக்கம், அவன் திருநெல்வேலிப் பக்கம். ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததுதான் எங்கள் நட்பின் தொடக்கம். அதற்குப் பிறகு பக்கத்தில் உட்காரும் வாய்ப்பே அதிகம் அமையவில்லை.

ஷிஃப்ட் மாறும்போது ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, எந்தப் பெட்டி பாதியில் நிற்கிறது என்று எழுதி, கடைசியில் ‘மற்றதெல்லாம் நார்மல்’ என்று முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வருகிறவன் அதைப் படித்து, கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடுவான். படிக்காமல்தான் போடுவோம். அந்த ரிஜிஸ்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது ஒரு பிரவுசிங் சென்டர் பழைய மெஷின்களைக் கழித்துக்கட்டியபோது. கூடவே ஒரு விளையாட்டு சிடியையும் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தார்.

“இத்த எவனும் எடுக்க மாட்றான்பா. சுடுறதே கம்மி, சும்மா பேசிகினே கீறானுங்க. நீ எத்துக்கினு போ” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது ஓர் உளவாளியின் கதை. துப்பாக்கி பேருக்குத்தான், வேலை முழுவதும் பேச்சில். எதிரே நிற்பவர் ஏதாவது கேட்பார். கீழே மூன்று பதில்கள் வரும். ஒரு சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டே போகும். அது தேய்ந்து முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் ஆங்கிலத்துக்கு முதல் பதிலைப் படித்து முடிப்பதற்குள்ளேயே கோடு காணாமல் போய்விடும். அப்போது உளவாளி வாய் திறக்காமல் நிற்பான். விளையாட்டு அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து ஒருத்தி வந்து, அன்றைக்கு நீ ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்பாள். போன இடத்துக்குத் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் வழியில்லை. ஆட்டம் நின்ற இடத்தைப் பதிந்துவைக்க ஒரே ஒரு சேவ்தான். அதன் மேலேயே அது எழுதிக்கொண்டு போகும்.

இப்படி ஒரு விளையாட்டை எவன் வாங்குவான் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வாரத்தில் இருவரும் பைத்தியமாகிவிட்டோம்.

ஒரே சேவ் என்பதால் ஒரே உளவாளியை இரண்டு பேரும் மாறி மாறி நடத்தினோம். நான் மூன்று மணிக்கு அறைக்கு வந்து விளையாடுவேன்; அவன் மறுநாள் காலையில் விளையாடுவான். நான் யாரிடம் என்ன பொய் சொல்லி வைத்திருக்கிறேன் என்று தெரியாவிட்டால் அவன் மாட்டிக்கொள்வான். அதனால் அதற்கும் ஒரு நோட்டுப் போட்டோம். கம்பெனி ரிஜிஸ்டர் மாதிரியே கோடு, அதே வாசகம், கீழே அதே ‘பெற்றுக்கொண்டேன்’. இந்த நோட்டை மட்டும் வரிவிடாமல் படித்தோம். ஒரு தடவை நான் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். மறுநாள் ஆட்டத்தில் எங்களுக்குத் துப்புச் சொல்லும் ஆள் செத்துப்போனான். நண்பன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

“செஞ்சத எழுதிருல. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரிஞ்சாத்தான நான் பாத்துக்கிட முடியும்” என்றான்.

டிரெய்னிக் காலம் முடிந்து நிரந்தர ஆர்டர் வர வேண்டிய வாரம் அது. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டத்தில் ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டியிருந்தேன். நோட்டில் எழுதுவதற்குள் தூங்கிப்போனேன். மறுநாள் மதியம் கம்பெனி ரிஜிஸ்டரில் மெஷின் விவரமெல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டபின், பேனா நிற்காமல் கீழே ஓடியது:

‘டிராயிங் ஃபைல் காப்பி எடுத்து வெளிய குடுத்தாச்சு. கேட்ல நிக்கிறவன் நம்ம ஆளு. மேல இருக்கவருக்கு டவுட் வந்துருச்சு. கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு.’

படிக்கப்போகிறவன் ஒருவன்தானே. நோட்டு இரண்டு, இது ஆட்டத்து நோட்டு இல்லை என்பது கைக்கு மறந்துவிட்டது. பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். அவன் வந்து, என் கையெழுத்துக்குக் கீழேயும் வரிகள் ஓடுவதைப் பார்த்து, படித்துச் சிரித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான். என் கையெழுத்துக்கும் அவன் கையெழுத்துக்கும் நடுவில் அந்த நாலு வரி அநாதையாக நின்றது.

இன்னும் சந்தைக்கு வராத காரின் போர்டுகள் லைனில் ஓடிக்கொண்டிருந்த சமயம். செல்போனைக்கூட கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு என்று பார்த்து, கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள் யாரும் திறக்காத அந்த ரிஜிஸ்டரைத் திறந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறையில் சூப்பர்வைசரும் நின்றிருந்தார். மேனேஜர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“யார்பா எழுதினது இது? நீயா?”

விளையாட்டில் ஆயிரம் பதில் சொன்னவன் நான். உண்மையைச் சொன்னால் சிரித்திருப்பார்களோ என்னவோ. எனக்கு அந்த நேரத்தில் மேனேஜரின் மேஜையில் இருந்த கவர்கள்தான் தெரிந்தன. அதில் ஒன்று என் ஆர்டராக இருக்கும் என்று நினைத்தேன்.

“தெரியாது சார்” என்றேன். நான் எழுதிய குறிப்பை நானே நடத்திக் காட்டினேன்.

இதுவரை நடந்ததைப் பயம் என்று சொல்லி ஒருவேளை மன்னித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நாலு மணி நேரம் இருந்தது. இரண்டு மணிக்கு அவன் வந்தான். தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டே, “என்னல, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டான். என்னை விசாரித்தார்கள், தெரியாது என்று சொல்லிவிட்டேன், உன்னையும் கேட்பார்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அவனைக் கூப்பிட மாட்டார்கள், விஷயம் அப்படியே அமுங்கிவிடும் என்றும் ஒரு நினைப்பு.

“மூணாம் நம்பர் டெஸ்டர் ஸ்லோவா இருக்கு. மத்ததெல்லாம் நார்மல்” என்றேன்.

மூன்று மணிக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று சூப்பர்வைசர்தான் பிறகு சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே, அது கம்ப்யூட்டர் விளையாட்டு சார் என்றிருக்கிறான். யார் எழுதியது என்று கேட்டதற்கு, “நான்தான், மாத்தி எழுதிட்டேன்” என்றிருக்கிறான். பெரிய விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் அவனிடம் சொல்லியிருப்பேன் என்று நம்பியிருப்பான். அப்போதுதான் மேனேஜர், “உன் ரூம்மேட் தெரியாதுன்னு சொல்றான், நீ விளையாட்டுங்கிற. யார் சொல்றது பொய்?” என்று கேட்டிருக்கிறார்.

“அதுக்கப்புறம் அவன் வாயே தொறக்கலப்பா” என்றார் சூப்பர்வைசர்.

அவனுக்கு ஆர்டர் வரவில்லை. எனக்கு வந்தது. கவர் கைக்கு வந்தபிறகு, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வந்தபிறகுதான், சூப்பர்வைசரிடம் போய் எழுதியது நான் என்றேன்.

“அவன்தான் ஒத்துக்கினு போய்ட்டானே. முடிஞ்சத ஏன் கிளறுற? போ, லைனப் பாரு” என்றார்.

விசாரணை நடந்த மறுநாள் நான் வேலை முடிந்து அறைக்கு வந்தபோது அவன் பெட்டி இல்லை. கொடியில் அவன் துணி இல்லை. கம்ப்யூட்டரை எனக்கே விட்டுப் போயிருந்தான். நோட்டு அதன் மேல் திறந்திருந்தது. எனக்குத் திட்டு வாங்க ஆசையாக இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தால்கூட நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

அந்த விளையாட்டைப் பற்றி ரொம்ப நாள் கழித்து இன்டர்நெட்டில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். விற்கவே இல்லையாம், அதைச் செய்தவர்கள் அடுத்த பாகத்தை யோசிக்கக்கூட இல்லையாம். நாம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கும் விளையாட்டு வேறு இல்லை, ஜனங்கள்தான் கண்டுகொள்ளவில்லை என்று ஆதங்கப்பட்டிருந்தார். அவர் சொன்னது சரி. ஆனால் நான் திரும்ப அதை ஓட்டவில்லை.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் கடைசியாக எழுதியது இரண்டே வரி. ‘ஆட்டம் அதே இடத்தில் நிற்கிறது. மற்றதெல்லாம் நார்மல்.’ கீழே அவன் கையெழுத்து. அதற்கும் கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவனே எழுதி, எனக்கு இடம் விட்டிருக்கிறான். எத்தனையோ தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். அதில் மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.