கணினி திருப்பிக் கூப்பிட்ட எண்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எண்பதுகளில் சிங்கப்பூர்த் தேக்காவில் பாதிக் கடைகளுக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தவன் நான்தான். என் வேலையில் ஒருத்தன் குறை சொன்னதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அது ஒரு கப்பல் சரக்கு அலுவலகம். கீழே மல்லி வறுக்கும் வாசனை, மாடியில் புதுக் கணினி. அந்தக் காலத்துக் கணினியை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. சரக்குப் பட்டியலெல்லாம் நகரத்தில் ஒரு பெரிய கணினியில் கிடக்கும். கம்பி வழியாக அதைக் கூப்பிட்டால் உடனே திறக்காது. துண்டித்துவிட்டு, தன்னிடம் பதிந்திருக்கும் எண்ணுக்குத் தானே திருப்பிக் கூப்பிடும். கண்டவன் நுழையாமலிருக்க அந்தக் காவல்.

அன்று முதலாளி அறையில் மின்விசிறி மாட்டப் போயிருந்தேன். வெளியே கணினிப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். தீவின் வடகோடி செம்பவாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கணினி வாங்கச் சொன்னதே அவள்தான். இரண்டு நாளாகப் பட்டியல் வரவில்லை. கணினி விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய இரண்டு பேர், கம்பியைக் கணினியோடு இணைக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாலு மணிக்குள்ள வரலேன்னா மெஷினும் வேணாம், நீயும் வேணாம்!" என்று அவளிடம் கத்திவிட்டு முதலாளி அறைக்குள் வந்தார்.

உட்கார்ந்ததும் அவர் தொலைபேசி அடித்தது. எடுத்தார், வைத்தார்.

"ரெண்டு நாளா எவனோ விசில் அடிக்கிறான் லா!"

ஏணிமேல் நின்ற எனக்கு உறைத்தது. முந்தாநாள், அவள் விடுப்பில் இருந்தபோது, சீனர்கள் கொண்டாடும் எட்டில் முடிகிற கணினியின் ராசி எண் தன் மேசைக்கு வேண்டுமென்றார் முதலாளி. கணினியிலிருந்து கழற்றி மாற்றிக் கொடுத்தவன் நான். கணினிக்குப் புது எண். பெரிய கணினிக்கு அதை யார் சொன்னது? அவள் முயலும்போதெல்லாம் அது பழைய எண்ணையே, முதலாளி மேசையையே, திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பித்திருக்கும். இறங்கினேன்.

"முதலாளி, அந்தப் பிள்ளை மேல தப்பில்ல. விசில் அடிக்கிறது பெரிய கம்ப்யூட்டர். நான் கம்பிய மாத்தினதுதான் வினை."

"நீயா? என் கை மாதிரி உண்டான்னு பீத்திக்குவியே!"

"ஆமா, நான்தான்."

"அதுக்காக ராசி நம்பரை விட முடியாதுய்யா."

"சரக்கு வர்றது கம்ப்யூட்டர் வழியாத்தானே? ராசி அங்க இருக்கட்டுமே."

யோசித்துத் தலையாட்டினார்.

பத்தே நிமிடத்தில் பழையபடி மாற்றினேன். அவள் பெரிய கணினியைக் கூப்பிட்டாள். துண்டித்தது. மூவரும் பெட்டியையே பார்த்தோம். மணி அடித்தது, பெட்டி கீச்சிட்டது, திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. அச்சுப்பொறி கரகரவென்று பட்டியலைத் துப்பியது.

முதலாளி தாளைக் கிழித்தெடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா, ரெண்டு கப்பல் இருக்கு."