நீளமான லீவு

எங்கள் அலுவலகத்து இளம் மேலாளர் ‘டிஸ்ரப்ஷன்’ என்று சொல்லும்போதெல்லாம் முகம் மலர்கிறார். பழையதை உடைத்துக்கொண்டு புதியது வருகிறதாம். நாங்கள் கைதட்ட வேண்டுமாம். நான் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன், பிறகு தட்டுகிறேன். அந்தச் சொல்லோடு எனக்குப் பத்து வயதிலிருந்தே பழக்கம்.

அப்போது புதுவயலில் இருந்தோம். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அவருக்கு வளைகுடாவில் கட்டட வேலை. கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, மாதாமாதம் கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் இருமுவதைக்கூட நானும் அம்மாவும் இரண்டு முறை ஓட்டிக் கேட்போம். இரண்டு மாதமாகக் கேசட் வரவில்லை. வந்தது, கம்பெனியிலிருந்து ஓர் இங்கிலீஷ் கடிதம்.

தேவகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற திமிரோடு பிரித்தேன். நாலே வரி. வேலையில் ‘டிஸ்ரப்ஷன்’, மேல்விவரம் பிறகு. அந்த ஒரு சொல்தான் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினேன். தடைபடுதல், சீர்குலைவு என்று போட்டுவிட்டு, லத்தீனில் அது ‘பிளந்து உடைத்தல்’ என்று பிறந்த கதையையும் சொல்லியிருந்தது. நான் படிப்பாளி அல்லவா, வேரையே பிடித்துக்கொண்டேன். உடைந்தது எது? சாரமா, மாடியா, மேலே நின்ற அத்தாவா?

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “என்ன போட்டுருக்காக?”

அகராதியை மூடினேன். “அத்தாவுக்கு லீவு விட்டுருக்காகளாம்.”

அம்மா கடிதத்தை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த நாலு வரியைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

“எம்புட்டு நாளைக்காம்?”

“அது போடலைம்மா.”

“அப்ப நீளமான லீவுதான்.”

மறுநாள் காலையில், மூலையில் மூடிக் கிடந்த தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டார். மாலையில் அரிசி மில்லிலிருந்து பை தைக்க வெள்ளைத் துணிக்கட்டு வந்து இறங்கியது. என்ன திடீரென்று என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு, “அவுகளுக்கு லீவு விட்டுருக்காக மாமி” என்று என் சொல்லையே எடுத்துக் கொடுத்தார். என் பொய் தெருவில் நடமாடத் தொடங்கியதில் எனக்குப் பாதி பயம், பாதி பெருமை. தினமும் பள்ளி விட்டு வரும்போது, வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று தெருமுனையிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மிஷின் சத்தம்தான் கேட்கும்.

மூன்று வாரம் கழித்து அத்தா ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினார். கை, கால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன், எதுவும் உடையவில்லை. அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அவர் திரும்பிப் போகவே இல்லை. அம்மாவை ஏமாற்றிவிட்ட என் சாமர்த்தியத்தை நான் வெகுநாள் மெச்சிக்கொண்டிருந்தேன். துணிக்கட்டு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானபோதும், அம்மாவுக்குத் தையலில் இவ்வளவு ஆசையா என்றுதான் நினைத்தேன்.